டாக்டரிடம் கேளுங்கள்: வயிற்றுக்குள் வைப்பதும் வெளியே எடுப்பதும்

போன இதழில் தொந்தியைப் பற்றிய ஒரு பதிலில், போகிற போக்கில், "நானும் ஒருகாலத்தில் வயிற்றுக்குள் பலூனை வைத்துக்கொண்டு அலைந்தவன்தான்" என்று எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டவை. ஆகவே மூலமும் மூட்டுவலியும் அடுத்த இதழ்வரை காத்திருக்கட்டும்.

கேள்வி: எனக்கு வயது 29, உயரம் 170 செ.மீ., எடை 98 கிலோ. தை மாதம் கல்யாணம். "ஆபரேஷன் இல்லை, எண்டோஸ்கோப்பி இல்லை, மாத்திரை போல விழுங்கினால் போதும், நாலே மாதத்தில் 15 கிலோ குறையும்" என்று ஒரு பலூன் விளம்பரம் பார்த்தேன். நீங்கள் போட்டுக்கொண்டதும் இதுதானா? நான் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: நான் போட்டுக்கொண்டது இதற்கு அண்ணன், தம்பி. 2013-இல் எனக்கு 52 வயது, 107 கிலோ. பாளையங்கோட்டையில் தினமும் நாலு பேரிடமாவது "எடையைக் குறையுங்கள்" என்று சொல்வேன். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு என் வயிற்றைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை தாங்காமல்தான் போனேன்.

என்னுடையது எண்டோஸ்கோப்பி வழியாக வைப்பது. மயக்கம் கொடுத்து, சுருட்டிய சிலிக்கான் பையை வாய்வழியாக இரைப்பைக்குள் இறக்கி, குழாய் மூலம் சலைன் நிரப்புவார்கள். 400 முதல் 700 மில்லிவரை பிடிக்கும். எனக்கு 600. அந்தச் சலைனில் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தைக் கலந்துவிடுவார்கள். பலூன் கசிந்தால் சாயம் ரத்தத்தில் கலந்து, சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ வரும். அதுதான் எச்சரிக்கை மணி. எளிமையான, அழகான யோசனை. ஆனால் ஆறு மாதமும் காலையில் கண் விழித்தால் முதல் வேலை நிறம் பார்ப்பதுதான். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட ஒரு நாள் பளீரென்று மஞ்சளாக வந்தது. எங்கள் வீட்டுக் குளியலறையின் மங்கல் வெளிச்சத்தில் அது மஞ்சளா பச்சையா என்று பத்து நிமிடம் நின்று யோசித்திருக்கிறேன். அறுவை சிகிச்சை நிபுணர் என்று வெளியே பலகை வேறு!

முதல் மூன்று நாள் வாந்தி. சும்மா குமட்டல் இல்லை, குடலைப் பிடுங்கும் வாந்தி. வந்திருப்பது விருந்தாளியா எதிரியா என்று இரைப்பைக்குத் தெரியாது, நெருக்கித் தள்ளப் பார்க்கும். இடது பக்கம் சுருண்டு படுத்திருந்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "எத்தனாவது மாசம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அப்புறம் அடங்கியது. ஒரு இட்லி முழுதாக இறங்காது. இரைப்பையில் இடமும் இல்லை, போன உணவு சீக்கிரம் காலியாவதும் இல்லை. பலூன் செய்யும் வேலை இந்த இரண்டும்தான்.

நீங்கள் பார்த்த விளம்பரம் விழுங்கும் வகை. மெல்லிய குழாயோடு இணைத்த கேப்ஸ்யூலுக்குள் பலூன் மடிந்திருக்கும். தண்ணீரோடு விழுங்கியதும், இடம் சரியா என்று எக்ஸ்ரேயில் பார்த்து, 550 மில்லி நிரப்பி, குழாயை உருவிவிடுவார்கள். சுமார் 16 வாரத்தில் அதன் வால்வு தானே திறந்து, நீர் வடிந்து, சுருங்கிய தோல் மலத்தோடு போய்விடும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் எண்டோஸ்கோப்பி தேவையில்லை என்பது உண்மைதான். ஒழுங்காக நடக்காவிட்டால் தேவைப்படும். வாந்தி நிற்காமல் நடுவிலேயே எடுக்க வேண்டி வரலாம். சுருங்கிய தோல் சிறுகுடலில் போய் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். ஆகவே பணம் கட்டும் முன், "ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தால் எண்டோஸ்கோப்பி செய்ய இங்கே யார் இருப்பார்கள்?" என்று கேளுங்கள். பதிலாக ஒரு செல்போன் எண்ணை மட்டும் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பயமுறுத்தவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். எண்டோஸ்கோப்பியில் வைக்கும் நீர் பலூன்கள் இரண்டு வகைக்கு, மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-இல் அனுமதி கொடுத்தது. 2016-இலிருந்து உலகம் முழுவதும் 12 பேர் இறந்ததாகத் தகவல் வந்திருப்பதாக 2018-இல் அதே எஃப்.டி.ஏ. மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. எல்லா இறப்புக்கும் பலூன்தான் காரணம் என்று முடிவாகவில்லை. சிலருக்கு இரைப்பை ஓட்டையாகியிருந்தது. ஏற்கெனவே இரைப்பையில் ஆபரேஷன் ஆனவர்கள், அல்சர் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், தினமும் வலி மாத்திரை விழுங்குபவர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது. பலூன் உள்ளே இருக்கும் நாள் முழுக்க அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடக்கூடாது.

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு) கிட்டத்தட்ட 34. பலூனுக்குச் சொல்லப்படும் 30 முதல் 40 என்ற வரம்புக்குள் வருகிறீர்கள். 15 கிலோ என்பது விளம்பரக் கணக்கு. என்னுடையது போன்ற பலூனை அமெரிக்காவில் சோதித்தபோது ஆறு மாதத்தில் சராசரியாக உடல் எடையில் 10 சதவீதம்தான் குறைந்தது. உங்களுக்கு அது 10 கிலோ.

சரி, கல்யாணக் கணக்குக்கு வருவோம். புரட்டாசியில் விழுங்கினால் தை பிறக்கும் சமயம் பலூன் வெளியே போயிருக்கும். மறுவீடு, மாமா வீடு, சித்தி வீடு என்று விருந்து ஆரம்பிக்கிற நேரம்! வயிறு காலி, இலை நிறைய. போட்டோவுக்காகத்தான் என்றால் வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு அடுத்த ஒரு வருடம் எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பிறகு கேட்டால், யோசிக்கலாம் என்பேன்.

கேள்வி: எண்டோஸ்கோப்பி மூலம் பலூன் வைத்து 8 மாதம் ஆகிறது. 6 மாதத்தில் எடுக்கச் சொன்னார்கள். ஒரு தொந்தரவும் இல்லை, எடை இன்னும் குறைகிறது. குழந்தைக்கும் முயற்சி செய்கிறோம். இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்தால் என்ன?
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாளிலேயே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள் அம்மா. வைக்கும்போது ஒரு அட்டை கொடுத்திருப்பார்கள். அதில் என்ன வகை பலூன் என்று இருக்கும். நடுவில் நீரைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சில வகைகள் அதிக மாதம் தாங்கும். உங்களுக்கு ஆறு மாதம் என்று சொல்லியிருப்பதால் அது அந்த வகை இல்லை. இரவும் பகலும் அமிலத்தில் ஊறிய சிலிக்கான் நலிந்துபோகும். கசிந்து சுருங்கினால் குடலுக்கு நழுவும். தொந்தரவு இல்லை என்கிறீர்கள். கசியும் நாள்வரை யாருக்கும் தொந்தரவு இருக்காது. கர்ப்பம் ஆகிவிட்டால் மயக்க மருந்தும் எண்டோஸ்கோப்பியும் இன்னொரு கவலை. முதலில் பலூன் வெளியே, அப்புறம் மற்றது.

உங்களைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. நானும் ஏழாவது மாதம்தான் எடுத்தேன். அக்கா மகள் கல்யாணம் ஒரு சாக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வைப்பதற்கு முன் நாலு முறை போன் செய்து விசாரித்த மருத்துவமனை, எடுக்க வேண்டிய தேதிக்கு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. சாப்பாட்டு ஆலோசனை சொன்ன பெண் வேலையை விட்டுப் போயிருந்தார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஒரு டாக்டருக்கே இப்படி என்றால் மற்றவர்கள் கதி என்ன?

எடுக்கும் முன் சில நாள் நீராகாரம் மட்டும், கடைசி 12 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் பட்டினி. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளுங்கள். பலூன் இருக்கும் இரைப்பை மெதுவாகக் காலியாகும். மயக்கத்தில் இருக்கும்போது மிச்ச உணவு மேலேறி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. நான் கஞ்சிதானே என்று வடிகட்டாமல் குடித்திருந்தேன். இரண்டு நாள் கழித்தும் பருக்கைகள் பலூனுக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தன. பலூனை எடுத்த டாக்டர் என்னைவிட இருபது வயது சின்னவர், வீடியோவைப் போட்டுக் காட்டித் திட்டினார், கேட்டுக்கொண்டேன். எடுப்பது வலிக்காது. ஊசியால் குத்தி, நீல நீரை உறிஞ்சி, கொக்கியில் மாட்டி இழுப்பார்கள். இரண்டு நாள் தொண்டை கரகரப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது எனக்கு 93 கிலோ. அடுத்த வருடம் அதே மாதம் 101. காரணம் அல்வா. நான் இருப்பது திருநெல்வேலிச் சீமை. சப்பாத்தி, கறி என்றால் பலூன் தடுக்கும். நெய் சொட்டும் அல்வாவோ வழுக்கிக்கொண்டு போய்விடும். ஐஸ்கிரீம், பாதாம் பால், பாயசம் எல்லாம் அப்படியே. பலூன் இருந்த நாட்களிலேயே நான் இதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பதுதான் சோகம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 66. 2008-இல் மெல்போர்னில் அண்ணன் வீட்டில் இருந்தபோது எடை குறைய இரைப்பையில் ஏதோ பெல்ட் மாதிரி போட்டார்கள். இப்போது எங்களோடு திருச்சியில் இருக்கிறார். மூன்று மாதமாக இட்லிகூடத் தொண்டைக்குக் கீழே நிற்கிறது என்கிறார், இரவில் இருமல். வயிற்றுத் தோலுக்கடியில் கெட்டியாக ஒரு வட்டம் தட்டுப்படுகிறது. ஒரு டாக்டர் கொழுப்புக் கட்டி, கீறி எடுத்துவிடலாம் என்கிறார்.
– வாசகி, திருச்சி

பதில்: கீற விடாதீர்கள்! அது கட்டி இல்லை, போர்ட். உங்கள் அம்மாவுக்குப் போட்டது பேண்ட். இரைப்பையின் மேல் பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையம், அதன் உள்பக்கம் சைக்கிள் டியூப் மாதிரி ஒரு பை, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், குழாயின் முனையில் தோலுக்கடியில் தைத்த அந்த வட்டம். வட்டத்தில் ஊசி குத்திச் சில மில்லி சலைன் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும்.

லூபோமிர் குஸ்மாக் என்பவர் 1986-இல் அமெரிக்காவில் இப்படி இறுக்கித் தளர்த்தும் பேண்டைக் கொண்டுவந்தார். எத்தியோப்பியாவில் பிறந்த மிட்டிகு பெலாச்சு 1993-இல் பெல்ஜியத்தின் ஹூய் நகரில் அதை லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) மூலம் வைத்தார். 2001-இல் அமெரிக்க அனுமதி. ஆஸ்திரேலியாவில், அதுவும் மெல்போர்னில், ஒருகாலத்தில் இதுதான் ராஜா. பிறகு இரைப்பையையே வெட்டிச் சுருக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் வந்து இதைத் தள்ளிவிட்டது. நம் ஊரில் பேண்ட் போட்டவர்கள் குறைவு என்பதால் இளைய டாக்டர்கள் பலர் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த டாக்டரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இட்லி நிற்பதும் இரவு இருமலும் சேர்ந்து வந்தால், பேண்ட் மிக இறுக்கமாகியிருக்கலாம் அல்லது இரைப்பை அதன் வழியாக மேலே வழுக்கியிருக்கலாம். மேலே தேங்கும் உணவு, படுத்ததும் மூச்சுக்குழாய் பக்கம் வருகிறது. அதனால்தான் இருமல். முதல் வேலை போர்ட் வழியாக உள்ளே இருக்கும் சலைன் முழுவதையும் எடுத்துவிடுவது. ஓ.பி.யிலேயே சில நிமிடத்தில் முடியும். ஆனால் சாதாரண ஊசி கூடாது. அது போர்ட்டின் சவ்வில் துண்டு பெயர்த்துவிடும், பிறகு ஒழுகும். ஹியூபர் ஊசி என்று ஒன்று, புற்றுநோயாளிகளுக்கு கீமோ போர்ட்டில் குத்துவது. கேன்சர் வார்டு இருக்கிற எந்தப் பெரிய மருத்துவமனையிலும் கிடைக்கும், திருச்சியில் கவலையே வேண்டாம். இதைச் சொன்னால் புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கும் உதவியாக இருக்கும்.

அதன்பின் பேரியம் என்ற, எக்ஸ்ரேயில் தெரியும் கரைசலைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே. சரியான இடத்தில் இருக்கும் பேண்ட் படத்தில் சாய்ந்து, ஏறக்குறைய ஒரு கோடு போலத் தெரியும். வட்டமாக, 'ஓ' எழுத்து போலத் தெரிந்தால் நழுவிவிட்டது என்று அர்த்தம். பேண்ட் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியில் பார்க்க வேண்டும். அரித்திருந்தாலும் நழுவியிருந்தாலும் பேண்டை எடுப்பதுதான் வழி. பேரியாட்ரிக், அதாவது எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்யும் சர்ஜனிடம் போங்கள். அண்ணனிடம் சொல்லி 2008-ஆம் வருட டிஸ்சார்ஜ் சம்மரியை வரவழையுங்கள், பேண்டின் பெயரும் அதன் கொள்ளளவும் அதில் இருக்கும். எச்சிலையே விழுங்க முடியவில்லை, அல்லது வயிற்றில் கடுமையான வலி என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு நேராக எமர்ஜென்சி.

கேள்வி: இதயத்துக்கு பேஸ்மேக்கர் போல, பசியை அடக்க மின்கருவி இருக்கிறதாமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: இருந்தது சார். வீபிளாக் என்று பெயர். இரைப்பைக்கும் மூளைக்கும் நடுவே தூது போகிற வேகஸ் நரம்பில் மின்முனைகளைப் பொருத்தி, பெட்டியை விலா எலும்புப் பக்கம் தோலுக்கடியில் வைத்து, வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றுவார்கள். வேகஸ் என்றால் லத்தீனில் அலைந்து திரிவது. கழுத்திலிருந்து வயிறுவரை நாடோடி மாதிரி சுற்றுகிற நரம்பு, பெயர் பொருத்தம்தான். 2015 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அதன் சோதனைக் கணக்கு உங்களைப் போன்றவர்களுக்குப் பிடிக்கும். 162 பேருக்கு உண்மையான கருவி. 77 பேருக்கு ஒப்புக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து நரம்புக்கு எந்தக் கம்பியும் போகாது. ஒரு வருடத்தில் முதல் கூட்டத்தார் தங்கள் கூடுதல் எடையில் 24.4 சதவீதம் இழந்தார்கள். இரண்டாம் கூட்டத்தார்? 15.9 சதவீதம்! அதாவது இருக்க வேண்டியதைவிட 40 கிலோ அதிகம் உள்ள ஒருவருக்கு, கருவியால் 10 கிலோ குறைகிறது என்றால் வெறும் பெட்டியாலேயே ஆறரை கிலோ குறைகிறது. பத்துப் புள்ளி வித்தியாசம் வேண்டும் என்று அவர்களே வைத்திருந்த இலக்கை எட்டவில்லை. ஆனாலும் பாதுகாப்பாக இருந்ததால் அனுமதி கிடைத்தது. விற்பனைதான் ஓடவில்லை, நிறுத்திவிட்டார்கள்.

வெறும் பெட்டிக்கு ஏன் குறைந்தது? இரு கூட்டத்தாருக்கும் ஒரே மாதிரி சாப்பாட்டு ஆலோசனை இருந்தது. யாரோ ஒருவர் விடாமல் கூப்பிட்டு, எடை பார்த்து, "போன வாரம் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். என் மருத்துவமனையில் வேலையை விட்டுப் போன அந்தப் பெண்ணை இதைப் படித்தபோதுதான் நினைத்துக்கொண்டேன்.

கேள்வி: சாப்பிட்டதை வயிற்றிலிருந்து குழாய் வழியாக வெளியே கொட்டும் கருவி உண்மையா, வாட்ஸ்அப் கதையா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உண்மைதான். ஆஸ்பயர் அசிஸ்ட். 2016-இல் அமெரிக்கா அனுமதித்தது. சாப்பிட்டு 20 நிமிடம் கழித்து, வயிற்றில் பொருத்திய குழாயைத் திறந்து, சுமார் 30 சதவீதத்தைக் கழிவறையில் விட வேண்டும். குழாய் அடைக்காமலிருக்க ஒவ்வொரு வாயையும் மாவாக மென்று விழுங்க வேண்டும். அப்படி மென்றாலே பாதி வயிறு நிறைந்துவிடுமே, குழாய் எதற்கு என்று தோன்றியது எனக்கு. தயாரித்த நிறுவனம் 2022-இல் கடையைக் கட்டியது. சோற்றைக் கீழே சிந்தினால் அடி விழுந்த வீட்டில் வளர்ந்தவன் நான். நடுநிலையோடு பதில் சொல்ல என்னால் முடியாது.

கேள்வி: உயரம் 155 செ.மீ., எடை 64 கிலோ. எனக்கு பலூன் வைக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம். உங்கள் பி.எம்.ஐ. 26.6. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடல்பருமன் என்று கணக்கு, ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. அதற்காகக் கருவி வைக்கும் நிலை இல்லை. இடுப்பை அளந்து பாருங்கள். 80 செ.மீ.க்கு மேல் இருந்தால் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பரிசோதனை செய்துகொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: இப்போதுதான் ஊசி வந்துவிட்டதே, இனி பலூன், பெல்ட் எல்லாம் எதற்கு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நியாயமான கேள்வி. எடை குறைக்கும் ஊசிகளில் மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைடு 68 வாரச் சோதனையில் உடல் எடையில் சராசரி 15 சதவீதம் குறைத்தது. மௌஞ்சாரோவின் டிர்செபடைடு உச்ச அளவில் 72 வாரத்தில் 20 சதவீதத்துக்கும் மேல். பலூனின் 10 சதவீதம் இவற்றுக்கு முன்னால் தலைகுனிய வேண்டியதுதான். 2013-இல் இவை இருந்திருந்தால் நான் அந்த மூன்று நாள் வாந்தியை அனுபவித்திருக்க மாட்டேன். (ஊசியிலும் குமட்டல் உண்டு. ஆனால் பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் போடாமல் விடலாம். பலூனை அப்படி விட முடியாது.)

ஆனால் என் பழைய கேள்வியை இங்கேயும் கேட்பேன். நிறுத்திய பிறகு என்ன செய்யப் போகிறீர்கள்? செமாக்ளூடைடை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது என்று அதே சோதனையின் தொடர்ச்சியில் தெரிந்தது. 14 கிலோ குறைத்து 8 கிலோ திரும்ப வாங்கிய எனக்கு அந்தக் கணக்கு புதிதாகத் தெரியவில்லை. மாதாமாதச் செலவை எத்தனை வருடம் தாங்க முடியும் என்று முதலில் வீட்டில் பேசுங்கள். பி.எம்.ஐ. மிக அதிகம், சர்க்கரையும் கூட என்றால் ஸ்லீவ், இரைப்பை பைபாஸ் ஆபரேஷன்களை இன்னும் ஒதுக்கிவிட முடியாது. நல்ல ஒரு நிபுணரிடம் பலூன், ஊசி, ஆபரேஷன் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: டாக்டர், கேட்கலாமா தெரியவில்லை. இப்போது உங்கள் எடை என்ன? அந்தப் பலூனை என்ன செய்தீர்கள்?
– வாசகி, தென்காசி

பதில்: தாராளமாகக் கேட்கலாம். 88. வேட்டியோடு. தாமிரபரணிக் கரையில் விடியற்காலை நடை, ராத்திரி ஏழரைக்கு மேல் அடுப்படிப் பக்கம் போகாமை, மாதக் கடைசி ஞாயிறு எடை பார்த்து எழுதும் ஒரு பழைய கணக்கு நோட்டு. நோட்டு மனைவியிடம் இருக்கிறது, என்னிடம் இருந்தால் திருத்திவிடுவேனாம். பலூனை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு கிளினிக் மேசையில் வைத்திருந்தேன், வருகிறவர்களுக்குக் காட்ட. ஒரு போகிக்கு மனைவி பழைய பாயோடு சேர்த்து வெளியே எறிந்துவிட்டாள். பாட்டிலில் இப்போது உளுந்து இருக்கிறது.